ஒரே கதவு எண்

குடும்பக் கேஸ் மனுவில் மேலே இரண்டு முகவரி வரும். முதலில் மனுதாரர், அடுத்து எதிர்மனுதாரர். எங்கள் ஊர் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் நான் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்த காலத்திலிருந்து 2006 கடைசி வரைக்கும், பெண்கள் போட்ட மனு எதிலும் அந்த இரண்டு முகவரியும் ஒன்றாக இருந்து நான் அடித்ததில்லை. புருஷன் ஒரு தெரு, பெண்டாட்டி வேறு ஊர். அவள் பெயருக்குக் கீழே ‘கேர் ஆஃப்’ என்று தகப்பனார் பெயர் வரும். தகப்பனார் இல்லையென்றால் அண்ணன் பெயர். பெரியம்மா வீடு, கூடப் படித்தவள் வீடு, மாதா கோயில் விடுதி என்றுகூட அடித்திருக்கிறேன். அடி வாங்கியவள் வீட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் கோர்ட் வாசலுக்கு வந்தாள் என்பது அந்த நாலைந்து வரியிலேயே தெரிந்துவிடும்.

நான் வக்கீல் இல்லை. லோயர், ஹையர் பாஸ் பண்ணிவிட்டு ரெமிங்டன் தமிழ் மெஷினில் விரல் தேய்ந்தவள். இப்போது கம்ப்யூட்டர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. சட்டத்தில் பாதி அடித்து அடித்தே தெரிந்தது. மீதி, எங்கள் வரிசையின் கடைசிக் கட்டடத்தில் ஆபீஸ் வைத்திருந்த பெரிய வக்கீல் ஐயா சாயங்கால நேரத்தில் சொல்லிக் கேட்டது. அவரிடம் 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை போய், தடித்த துணி வைத்துத் தைத்தது. அதில் 488ஆம் பிரிவைத் திறந்து காட்டி, “ஏம்மா, நீ அடிக்கிற எம்.சி. மனுவுக்கெல்லாம் தாத்தா இதுதான்” என்பார்.

எம்.சி. என்றால் ஜீவனாம்ச கேஸ். கட்டிய பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளையையும் காப்பாற்றாதவனிடம் மாதாமாதம் பணம் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு. வெள்ளைக்காரன் 1861இல் போட்ட நடைமுறைச் சட்டத்திலேயே அது உண்டு. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய சங்கதி மாஜிஸ்திரேட்டிடம் எதற்குப் போனது? ஐயாவின் பதில்: பெண்ணின் மேல் இரக்கப்பட்டு இல்லை. கைவிடப்பட்டவள் தெருவுக்கு வந்து பிச்சை எடுத்தாலோ பிள்ளை திருடப் போனாலோ சர்க்காருக்குத்தான் தலைவலி. அதைத் தடுக்கிற ஏற்பாடு இது. உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். ‘என்னோடு வந்து இருந்தால் சோறு போடுகிறேன்’ என்று கணவன் சொல்லிவிட்டால், அவள் வரமாட்டேன் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். எந்தக் காரணம் செல்லும்? அவன் வேறொருத்தியோடு வாழ வேண்டும், அல்லது இவளைப் ‘பழக்கமாக’க் கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் கையை முறித்தது பழக்கத்தில் சேருமா என்று அந்தக் காலத்து மாஜிஸ்திரேட்டுகள் யோசித்திருப்பார்கள்போல. பிறகு வந்த திருத்தத்தில் ‘நியாயமான காரணம்’ என்று தளர்த்தினார்கள். அந்தப் ‘பழக்கமாக’ போனதாக நினைத்தோம். பல வருஷம் கழித்து டெல்லியில் அது திரும்ப முளைத்த கதை பின்னால் வருகிறது.

50 ரூபாய் 1923இல் 100 ஆனது. 1955இல் 500. அதோடு நின்றுவிட்டது. 1973இல் புதிய நடைமுறைச் சட்டம் வந்து, 488 என்ற எண் 125 ஆனபோதும் 500தான். நான் தொழிலுக்கு வந்தபோதும் 500தான். 2001 செப்டம்பரில்தான் உச்சவரம்பை எடுத்தார்கள். 46 வருஷம். இதற்குள் பஸ் டிக்கெட், அரிசி, வக்கீல் பீஸ், என் பக்கக் கூலி எல்லாம் எத்தனை முறை ஏறின! ஆனால் ‘மாதம் ஒன்றுக்கு ரூ.500 வீதம்’ என்ற வரி மட்டும் விரலுக்கே மனப்பாடம். அதையும் கட்டாதவர்கள் உண்டு. பாக்கி மனு போட்டால் வாரண்ட் வரும். கட்டாத மாதத்துக்கு ஒரு மாதம் வரை ஜெயில். “உள்ளே இருந்துட்டு வந்துட்டேன், கணக்கு தீர்ந்தது” என்று சொல்லிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தீராது. ஜெயிலுக்குப் போனாலும் கடன் கடன்தான் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் எங்கள் ஐயாவுக்குத் தனி சந்தோஷம்.

ஜீவனாம்சம் கேட்டவுடனே எதிர்த்தரப்பு வக்கீல் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. ‘என் மனைவி காரணமில்லாமல் பிரிந்து போய்விட்டாள், சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும்’ என்று ஒரு ஓ.பி. போடுவார். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. காலையில் அவளுடைய எம்.சி., மத்தியானம் அவனுடைய ஓ.பி. என்று இரண்டையும் என் மேஜையிலேயே அடித்ததுண்டு. இவள் பத்தி பத்தியாகத் தழும்பைச் சொல்வாள். அவன் பத்தியில் ‘இன்றளவும் அன்பும் ஆசையுமாக’ என்று வரும்.

இதற்கும் பழைய வேர் இருக்கிறது. பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்கு 11 வயதில் தாதாஜி பிகாஜியோடு கல்யாணம். அவள் அவன் வீட்டுக்குப் போகவேயில்லை. வளர்ந்து, படித்து, போக மாட்டேன் என்றாள். 1884இல் அவன் வழக்குப் போட்டான். நீதிபதி பின்ஹே 1885இல் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் அது நிற்கவில்லை. 1887இல் நீதிபதி ஃபாரன், புருஷன் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில் என்றார். ஜெயிலுக்கே போகிறேன் என்றாள் அவள். நாடே இரண்டுபட்டது, 1888இல் 2,000 ரூபாய் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அவள் லண்டனுக்குப் போய் டாக்டராகத் திரும்பி வந்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் வைத்தியம் பார்த்தாள். அவளை யாரும் அடித்ததாக வழக்கு இல்லை. இருந்தாலும் இதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் கோர்ட்டின் கை எந்தப் பக்கம் தள்ளியது என்று அந்தத் தீர்ப்பில் தெரிகிறது. பின்னாளில் ஜெயில் தண்டனை போய்விட்டது. 9ஆம் பிரிவு இருக்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றுவிட்டது.

பிரிந்து வாழ்கிற உரிமையைத் தனியாக எழுதிக் கொடுத்தது 1946ஆம் வருஷத்துச் சட்டம். கூட இருப்பது ஆபத்து என்கிற அளவுக்குக் கொடுமை இருந்தால், இந்துப் பெண் தனியாக இருந்துகொண்டு ஜீவனாம்சம் கேட்கலாம். 1955இல் கொடுமைக்குக் கிடைத்தது ‘பிரிந்திருக்கும் தீர்ப்பு’ மட்டும்; விவாகரத்துக்கு அது காரணமாக 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக எல்லாச் சட்டமும் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: நீ வெளியே வா, பணம் வாங்கித் தருகிறோம், அல்லது அறுத்து விடுகிறோம். அவள் வெளியே வந்து எங்கே இருப்பாள் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

1983 கடைசியில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்தது. கணவனும் அவன் வீட்டாரும் செய்கிற கொடுமை முதல்முறையாகத் தனிக் குற்றம் ஆனது. மூன்று வருஷம் வரை தண்டனை. வரதட்சணைச் சாவுகள் பத்திரிகையில் வந்துகொண்டே இருந்த காலம் அது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது. கோழிக்கோட்டில் 1973லேயே மகளிர் ஸ்டேஷன் இருந்தது என்றாலும், ஊர் ஊராக அதைக் கொண்டுபோனது தமிழ்நாடுதான்.

அந்த ஸ்டேஷன்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். ஆம்பிளை ஏட்டு முன்னால் முதுகைக் காட்ட முடியாத பெண் அங்கே காட்டினாள். ஆனால் ஒரு வழக்கமும் அங்கேயே வேர்விட்டது: எழுதி வாங்குவது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசி, வெள்ளைத் தாளில் ‘இனிமேல் அடிக்க மாட்டேன், குடித்துவிட்டு வர மாட்டேன், சேர்ந்து வாழ்கிறோம்’ என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது. பிற்பாடு கோர்ட்டுக்கு வரும்போது அந்தத் தாள்களையெல்லாம் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். வியர்வையில் மசி ஊறியிருக்கும். ஒரு பெண் கொண்டுவந்த தாள்களில் எழுத்து வேறு வேறு, வருஷம் வேறு வேறு, வாசகம் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. அடியில் அதே ஆளின் கோணல் கையெழுத்து.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவனை ஜெயிலில் போட வேண்டும் என்ற எண்ணமே இல்லை. அவன் உள்ளே போனால் அன்றைக்கே மாமியார் வாசல் கதவைச் சாத்துவாள். கேஸ் நடக்கிற வருஷமெல்லாம் இவள் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுத் திண்ணையில். அதனால் 498ஏ என்று சொல்லிப் பயமுறுத்தி எழுதி வாங்குவதையே அவளும் விரும்பினாள். அவள் கேட்டது சின்ன விஷயம். அடிக்கக் கூடாது, நான் இங்கேயே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற சட்டம் அப்போது புத்தகத்தில் இல்லை.

பிறந்த வீடு இருக்கிறதே என்பார்கள். அங்கே அவளுக்கு என்ன இருந்தது? 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று. குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண்பிள்ளைகளாகப் பார்த்துப் பிரித்தால்தான் உண்டு. குடியிருக்கலாம், அதுவும் கல்யாணம் ஆகாதவள், விதவை, புருஷன் கைவிட்டவள், பிரிந்து வந்தவள் என்றால். அதாவது அப்பா வீட்டில் ஒரு மூலை வேண்டுமென்றால் முதலில் புருஷனை விட்டு வந்ததற்கு அத்தாட்சி வேண்டும். தமிழ்நாட்டில் 1989இல் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று திருத்தம் செய்தார்கள். அதற்குமுன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. என் மேஜைக்கு வந்த ‘கேர் ஆஃப் அண்ணன்’ பெண்களில் முக்கால்வாசி அப்படி விடுபட்டவர்கள். அண்ணியின் முகம் மாறுகிற வரைக்கும்தான் அந்த முகவரி செல்லும். வாய்தாவுக்கு வாய்தா முகவரி மாற்ற மனு போடுவதே ஒரு வேலை.

2002 மார்ச்சில் மத்திய அரசு குடும்ப வன்முறைக்கு எதிராக ஒரு மசோதா கொண்டுவந்தது. அதில்தான் அந்தப் பழைய சொல் திரும்ப வந்தது: ‘பழக்கமாக’த் தாக்கினால் குடும்ப வன்முறை. அதோடு, தன்னையோ தன் சொத்தையோ காத்துக்கொள்ளச் செய்தால் அது வன்முறை ஆகாது என்று ஆணுக்கு ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். வீட்டில் குடியிருக்கும் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு ஏற்கெனவே வேறொரு வரைவு எழுதி வைத்திருந்தது. பெண்கள் அமைப்புகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மசோதாவோடு மல்லுக்கு நின்றன. 2004இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. நல்லதாகப் போயிற்று என்பேன். 2005 செப்டம்பரில் ஒரே வாரச் சுற்றில் இரண்டு நடந்தது: வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு எடுபட்டது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்பா வீடு, புருஷன் வீடு இரண்டின் கதவும் கொஞ்சம் அசைந்த மாதம் அது. இலங்கையிலும் அதே வருஷம்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது.

இங்கே அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கொஞ்ச நாளில் ஒரு ஜூனியர் பெண் வக்கீல் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தாள். மனுதாரர் முகவரி அடித்தேன். எதிர்மனுதாரர் முகவரிக்கு வந்ததும் விரல் நின்றது: அதே தெரு, அதே கதவு எண். அவளைப் பார்த்தேன். “அப்படியே அடிங்கக்கா. அந்த அம்மா வீட்டை விட்டு வரலை. வரவும் மாட்டாங்க” என்றாள்.

அந்த மனுவில் இன்னொரு விசேஷம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சொத்துத் தாவாவில் வருவதுபோல ஒரு விவரப் பட்டியல். வீட்டின் தென்புற அறை, அதை ஒட்டிய அடுப்படி, பின்கட்டுக் கக்கூஸ், வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் பாத்தியம், இவற்றுக்கு நான்கு எல்லை. வடக்கே கூடம், கிழக்கே முனிசிபல் சந்து. பெண்டாட்டி புருஷன்மேல் போடும் மனுவில் எல்லை அடித்தது அதுதான் முதல். அவளுக்கு அந்த வீட்டில் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. தேவையும் இல்லை என்றது 17ஆம் பிரிவு: சொத்தில் உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருக்கும் உரிமை உண்டு. 19ஆம் பிரிவில், அவளை வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். அவசியமானால் அவனை வெளியே போகச் சொல்லலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லலாம். உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவரை அவன் குற்றவாளி இல்லை, எதிர்மனுதாரர்தான். மனைவி மட்டுமல்ல, தாய், மகள், தங்கை, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவள் எல்லோரும் மனு போடலாம். தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு 60 நாளில் என்றும் எழுதியிருக்கிறது. அந்த மூன்று நாளை அடித்திருக்கிறேன், பார்த்தது குறைவு. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலரை வைத்துக்கொண்டு வேறென்ன நடக்கும்?

தென்புற அறைக்காரிக்கு இடைக்கால உத்தரவு கிடைத்தது. கிடைக்காதவர்கள் கதைக்குக் காரணம் வேறு. சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, 2006 டிசம்பர் 15 அன்று பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வீடு மாமியாருக்குச் சொந்தம் என்றால் அது சட்டம் சொல்லும் ‘பகிர்ந்து வாழும் வீடு’ ஆகாது, புருஷனுடையதாகவோ, அவன் வாடகைக்கு எடுத்ததாகவோ, அவன் அங்கமாக உள்ள கூட்டுக் குடும்பத்துடையதாகவோ இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பையன் பெயரில் வீடு இருப்பது எத்தனை குடும்பத்தில்? அப்பா பெயரில் இருக்கும், ஆத்தா பெயரில் இருக்கும். இருக்கவில்லையென்றால் இருக்கும்படி செய்துவிடலாம். தகராறு முற்றுகிற மாதிரித் தெரிந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம். எங்கள் வரிசையிலேயே பத்திரம் எழுதுகிறவர்களுக்கு அதில் நல்ல வருமானம். பெயர் சொல்லிப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒரு கையால் சட்டம் திறந்த கதவை இன்னொரு கை சாத்தியது. அந்தப் பதினாலு வருஷத்தில், ‘எதிர்மனுதாரருக்கு மேற்படி வீட்டில் எவ்வித உரிமையும் இல்லை’ என்ற எதிருரையை எத்தனை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த வீட்டை விட்டு அவளை விரட்டினானோ அந்த வீடு தன்னுடையதல்ல என்று அவனே எழுதிக் கொடுப்பான்.

2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் பத்ரா தீர்ப்பு சரியல்ல என்றார்கள். மாமனார் பெயரில் இருந்தாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் வீடுதான். சும்மா கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. வெளியேற்ற வேண்டுமென்றால் சட்டப்படி வழக்குப் போட்டுத்தான். பெரிய வக்கீல் ஐயா அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

இப்போது சண்டை இடம் மாறியிருக்கிறது. மூத்த குடிமக்களுக்காக 2007இல் வந்த சட்டம் ஒன்று உண்டு. பெற்றவர்களைப் பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை என்பதால் நேராக எங்களிடமே அடிக்க வருகிறார்கள். மகன் அடிக்கிறான், சோறு போடவில்லை என்று அழுதுகொண்டு வருகிற தாய்மார்கள் நிஜமாகவே உண்டு. அவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மகனும் கூடவே வந்து நின்று, ‘மருமகளைக் காலி செய்யச் சொல்லுங்கள்’ என்ற வரியை அம்மா வாயிலாகச் சொல்ல வைக்கிற மனுக்களும் வருகின்றன. 2020 டிசம்பரில் பெங்களூரிலிருந்து போன வனிதா வழக்கில், கணவர் வாங்கிய வீடு தகப்பனாருக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து தாயாருக்குத் தானமாகப் போயிருந்தது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளின் குடியிருப்பு உரிமையை அடித்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் எங்கள் வரிசைக்கு வருகிற ஜூனியர்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மனுவோடு வில்லங்கச் சான்று எடுத்துப் பின்னால் தைக்கிறார்கள். வீடு யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்பது அதில் இருக்கும். மகளிர் ஸ்டேஷனில் முதல் ரசீது வாங்கிய தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி மனுவில் ஒரு பத்தி சேர்க்கிறார்கள்.